அமெரிக்க இலக்கிய இயக்கங்கள்: புதிதாகப் படிக்க வருபவர் எதை முதலில் எடுப்பது, எங்கே கவனமாக இருப்பது

அஞ்சல் வழியில் ஆங்கில இலக்கிய முதுகலை சேர்ந்தபோது, அமெரிக்க இலக்கியத் தாள்தான் இருப்பதிலேயே எளிது என்று நினைத்தேன். கையில் கிடைத்த நோட்ஸில் இயக்கத்தின் பெயர், ஆண்டு, நாலு ஆசிரியர், நாலு நூல் என்று அட்டவணை போட்டிருந்தார்கள். மூன்று மாதம் அதை உருப்போட்டேன். தேர்வில் நேச்சுரலிசம் பற்றிக் கேட்டார்கள். காட்டைப் பற்றி எழுதினவர்கள்தானே என்று எமர்சனையும் தோரோவையும் வைத்து ஆறு பக்கம் எழுதிவிட்டு வந்தேன். அந்த இருவரும் அந்த இயக்கத்தவரே இல்லை, அந்தத் தாள் போயிற்று.

மறுபடி எழுத ஓராண்டு காத்திருந்தபோதுதான் அட்டவணையை மூடி வைத்துவிட்டு மூல நூல்களை எடுத்தேன். அப்போது புரிந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முதலில் ஒரு சிறிய படைப்பு, அப்புறம்தான் இயக்கத்தின் பெயர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டே தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் 12 வாரம் ஆகும். செலவு மிகக் குறைவு.

1. முதல் மாலை: ஒரு தாள், நான்கு கோடுகள்

ஒரு வெள்ளைத்தாளில் நான்கு கோடு போட்டு 1820, 1865, 1914, 1945 என்று எழுதுங்கள். கல்லூரிகளில் பரவலாகப் புழங்கும் நார்ட்டன் தொகைநூல் இந்த ஆண்டுகளில்தான் தன் ஐந்து தொகுதிகளைப் பிரித்திருக்கிறது. 1865 உள்நாட்டுப் போர் முடிந்த ஆண்டு. 1914, 1945 இரண்டும் உலகப் போர்களின் ஆண்டுகள்.

முதல் கட்டத்தில் பியூரிட்டன்களும் (இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய, கடுமையான கிறித்தவ நெறிக்காரர்கள்) விடுதலைக் காலத்தவரும். இரண்டாவதில் ரொமாண்டிக் காலம், அதற்குள்ளேயே டிரான்சென்டென்டலிசம் (எமர்சன், தோரோவின் இயக்கம்). மூன்றாவதில் ரியலிசம், நேச்சுரலிசம். நான்காவதில் மாடர்னிசம், ஹார்லெம் மறுமலர்ச்சி (நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியை மையமாகக் கொண்ட கறுப்பின எழுத்தாளர் இயக்கம்). ஐந்தாவதைக் காலியாக விடுங்கள். இதற்கு மேல் ஒரு பெயர்கூட இப்போது எழுத வேண்டாம். படிக்கப் படிக்கத் தானாக நிரம்பும்.

2. புத்தகம் சேர்ப்பது: செலவும் பதிப்பும்

எடுத்த எடுப்பிலேயே நார்ட்டன் ஐந்து தொகுதியையும் விலைக்கு வாங்கிவிடாதீர்கள். விலை அதிகம், தாள் மெல்லியது, எழுத்துப் பொடி. தேவைப்பட்டால் இரண்டு தொகுதியில் வரும் சுருக்கப் பதிப்பைப் பழைய புத்தகக் கடையில் தேடுங்கள். முந்தைய பதிப்பாக இருந்தாலும் பரவாயில்லை, பழைய எழுத்தாளர்கள் மாறப்போவதில்லை. சென்னையில் இருப்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து படிக்கலாம்.

கீழே நான் சொல்லும் படைப்புகளில் பெரும்பாலானவை இணையத்தில் இலவசம், சட்டப்படியே. அமெரிக்காவில் அந்தக் காலத்து நூல்களுக்குப் பதிப்புரிமை வெளியானதிலிருந்து 95 ஆண்டு. அதனால் 1925இல் வந்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’ 2021 ஜனவரி 1 அன்று பொதுச்சொத்து ஆனது. இந்தியக் கணக்கு வேறு: ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டு. ஹெமிங்வே 1961இல் இறந்தார். ஆகவே அவர் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள் இங்கே 2022இல் இருந்து பொதுவில் உள்ளன. ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்கில் நூலை இறக்கிக்கொள்ளலாம். லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிப்பதிவு இருக்கிறது, பேருந்தில் கேட்க வசதி. காசு கொடுக்க வேண்டியது பெரும்பாலும் 1945க்குப் பிந்தைய நூல்களுக்குத்தான்.

இலவசம் என்பதால் ஒரு பொறியும் உண்டு. எமிலி டிக்கின்சனைப் படிக்கும்போது நான் அதில்தான் விழுந்தேன். அவர் சுமார் 1,800 கவிதை எழுதியவர். உயிரோடு இருந்தபோது அச்சில் வந்தவை பத்துப் பன்னிரண்டுகூடத் தேறாது. இறந்தபின் 1890இல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தவர்கள் சொற்களுக்கு நடுவே அவர் போட்ட சிறு கோடுகளை (டேஷ்) நீக்கினார்கள், சில சொற்களை மாற்றினார்கள், அவர் வைக்காத தலைப்புகளைச் சூட்டினார்கள். மரணம் வண்டியோட்டியாக வந்து அழைத்துப்போகும் புகழ்பெற்ற கவிதையில் ஒரு பத்தியே அதில் இல்லை. இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் இந்தப் பழைய பாடம்தான். ‘டிக்கின்சனின் கோடுகள்’ பற்றி வகுப்பில் பேசும்போது என் கையிலிருந்த பிரதியில் கோடே இல்லை.

இன்னொன்று, எண். தாமஸ் ஜான்சனின் 1955 பதிப்பில் அந்தக் கவிதையின் எண் 712. ஃபிராங்க்ளினின் 1998 பதிப்பில் அதுவே 479. குறிப்பெடுக்கும்போது எண்ணோடு பதிப்பாசிரியர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள், முதல் வரியையும் எழுதுங்கள். அவருடைய கையெழுத்துப் பிரதிகளின் படங்களே எமிலி டிக்கின்சன் ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. ஒரு கவிதையையாவது அங்கே பார்த்துவிடுங்கள்.

விட்மனுக்கும் இதே எச்சரிக்கை. 1855இல் வந்த ‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ்’ முதல் பதிப்பில் 12 கவிதைகள்தான். சாகும்வரை சேர்த்துக்கொண்டே போனார். 1891–92 பதிப்பு தடித்த நூல். எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் இறக்கினால் 12 கவிதைக்குப் பதில் நானூறு கையில் இருக்கும். ஹென்றி ஜேம்ஸ் தம் ‘தி போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி’யை 1881இல் வெளியிட்டு, 1908 பதிப்புக்காகத் திருத்தி எழுதினார். கடைசிக் காட்சிகூட ஒன்றுபோல் இருக்காது. ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல் இருநூறு தடவைக்கு மேல் வரும். 2011இல் வந்த ஒரு பதிப்பு அதை ‘அடிமை’ என்று மாற்றியது. மாற்றாத பாடத்தையே படியுங்கள். அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே வளர்ந்த பையன், தப்பியோடும் அடிமையான ஜிம்மைக் காட்டிக்கொடுக்க மறுக்கிறான் என்பதில்தான் நாவலே இருக்கிறது.

3. படிக்கும் வரிசை: 1620இல் தொடங்காதீர்கள்

எல்லா வழிகாட்டியும் 1620இல் குடியேறிகளை ஏற்றி வந்த மேஃபிளவர் கப்பலில் ஆரம்பிக்கும். புதியவர் அங்கே ஆரம்பித்தால் பதினேழாம் நூற்றாண்டு எழுத்துக்கூட்டலிலும் வேத வசனங்களிலும் சிக்கி இரண்டாவது வாரமே புத்தகத்தை மூடிவிடுவார். நான் 1836இல் தொடங்கி, நான்காவது வாரம் பின்னால் போய் வந்தேன்.

போகும்போது கையில் ஒரே ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள்: இந்த எழுத்தாளர் காட்டையும் ஆற்றையும் எப்படிப் பார்க்கிறார்? திணை படித்த நமக்கு நிலத்தை வைத்துக் கேட்பது புதிதில்லை. அமெரிக்க இயக்கங்கள் ஒன்றுக்கொன்று எப்படிப் பதில் சொல்கின்றன என்பதை எனக்குக் காட்டியது இந்தக் கேள்விதான்.

முதல் இரண்டு வாரம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்ட் ஊர். எமர்சனின் ‘நேச்சர்’ (1836) நூலில் முதல் அத்தியாயம் மட்டும், சில பக்கம்தான். காட்டில் நிற்கும்போது தான் என்பதே கரைந்து, எல்லாவற்றையும் பார்க்கும் ஒரு கண்ணாக ஆகிவிட்டதாக அவர் சொல்லும் இடம் அங்கே வருகிறது. அடுத்து தோரோவின் ‘வால்டன்’ (1854). இதில் முதல் அத்தியாயம் மிக நீளம், பலர் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். குடிசை கட்ட 28 டாலர் 12½ சென்ட் ஆனது என்று கணக்கு எழுதியிருப்பதை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவது அத்தியாயத்துக்குப் போங்கள். பிறகு ‘குளிர்காலத்துக் குளம்’ என்ற அத்தியாயம். காலையில் பகவத் கீதை படித்துவிட்டு, வால்டன் நீர் கங்கை நீரோடு கலப்பதாக அவர் நினைத்துப் பார்க்கும் பகுதி அதில் இருக்கிறது.

இதே இரண்டு வாரத்தில் ஃபிரெடரிக் டக்ளஸின் தன்வரலாற்றையும் படிக்க வேண்டும். இதை எந்த நோட்ஸும் இங்கே வைப்பதில்லை, நான் பிடிவாதமாக இங்கேதான் வைப்பேன். தோரோ குடிசைக்குப் போனது 1845 ஜூலை 4. அதே 1845இல், அதே மாநிலத்தின் பாஸ்டனில் இந்த நூல் அச்சானது. அடிமையாக இருந்த சிறுவன், ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்து எழுத்துக் கற்றுக்கொண்டதை ஏழாவது அத்தியாயத்தில் சொல்கிறார். சுயத்தை நம்பு என்று எமர்சன் சொன்ன காலத்தில் தன் உடம்பே தனக்குச் சொந்தமில்லாதவர் எழுதியது இது. இரண்டையும் அடுத்தடுத்த நாளில் படித்தபோதுதான் ‘ரொமாண்டிக் காலம்’ என்ற சொல் எனக்கு முழுசாக விளங்கியது. நூறு பக்கம்தான், இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

மூன்றாவது வாரம் இருட்டுப் பக்கம். ஹாதார்னின் ‘யங் குட்மேன் பிரவுன்’ (1835) ஒரு மணி நேரக் கதை. இங்கே காடு சாத்தானின் இடம். எமர்சன் கடவுளைக் கண்ட அதே காட்டில் இவருடைய ஆள் தன் ஊர்க்காரர்கள் எல்லாரையும் பாவிகளாகக் காண்கிறான். எட்கர் ஆலன் போவின் ‘தி ரேவன்’ (1845) 108 வரி, வாய்விட்டுப் படியுங்கள். ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ பாடத்தில் இருந்தால், சுங்க அலுவலகம் பற்றிய நீண்ட முன்னுரையைத் தாண்டிச் சிறைக்கதவில் தொடங்கும் முதல் அத்தியாயத்துக்குப் போங்கள், முன்னுரையைக் கடைசியில் படிக்கலாம். ‘மோபி டிக்’ 135 அத்தியாயம். இந்த 12 வாரத்துக்குள் வேண்டாம், மெல்வில்லுக்கு ‘பார்ட்டில்பி’ (1853) போதும்.

இப்போது பியூரிட்டன்களிடம் திரும்புங்கள், நான்காவது வாரம். ஹாதார்ன் யாரோடு சண்டை போடுகிறார் என்று தெரிந்துவிட்டதால் இனி சலிக்காது. ஜான் வின்த்ரப்பின் 1630 உரையில் மலைமேல் நகரம் வரும் கடைசிப் பகுதி. வீடு எரிந்தபோது ஆன் பிராட்ஸ்ட்ரீட் எழுதிய கவிதை, 1666. நெருப்புக்கு மேல் பிடித்த சிலந்தியைப்போல மனிதனைக் காட்டும் ஜோனதன் எட்வர்ட்ஸின் 1741 பிரசங்கம். மூன்றுக்கும் சேர்த்து நான்கு மணி நேரம் ஆகும்.

ஐந்தாவது வாரம் விட்மனும் டிக்கின்சனும். விட்மன் நமக்கு அந்நியரில்லை. பாரதியார் அவரை மகாகவி என்று எழுதியிருக்கிறார், ந. பிச்சமூர்த்தி புதுக்கவிதைக்கு வந்ததற்குத் தூண்டுதலும் அவர்தான். ஆறு, ஏழு ‘ஹக்கிள்பெரி ஃபின்’. மிசிசிப்பி ஆற்றில் தெப்பம் போகும் அத்தியாயங்களையும் கரையில் நடப்பவற்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டே போங்கள்.

எட்டாவது வாரம்தான் எனக்குக் கண் திறந்தது. ஸ்டீஃபன் கிரேன் 1897 ஜனவரியில் ஃப்ளோரிடா கடலில் கப்பல் மூழ்கி, சிறு படகில் தப்பியவர். அதை வைத்து எழுதிய ‘தி ஓபன் போட்’ கதையில் நான்கு பேர் கரை தெரியும் தூரத்தில் தத்தளிக்கிறார்கள். கடலுக்கு அவர்கள்மேல் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. அடுத்து ஜாக் லண்டனின் ‘டு பில்ட் எ ஃபயர்’. அவர் 1902இல் ஒரு வடிவமும் 1908இல் ஒரு வடிவமும் எழுதினார். ஆள் உறைந்து சாகும் 1908 வடிவத்தை எடுங்கள். இந்த இரண்டையும் படித்துவிட்டு எமர்சனின் அந்த முதல் அத்தியாயத்தைத் திரும்பப் படியுங்கள். நேச்சுரலிசத்தில் எமர்சனுக்கு ஏன் இடமில்லை என்பதை அதற்குப் பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒன்பது, பத்தாவது வாரம் மாடர்னிசம். எஸ்ரா பவுண்டின் மெட்ரோ ரயில் நிலையக் கவிதை (1913) இரண்டே வரி. முதலில் முப்பது வரி எழுதிக் கிழித்துவிட்டு, ஓராண்டுக்கு மேல் கழித்து இரண்டுக்கு வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஹெமிங்வேயின் ‘பிக் டூ-ஹார்ட்டட் ரிவர்’ (1925) கதையில் ஒருவன் தனியாக மீன் பிடிக்கிறான், வேறொன்றும் நடப்பதில்லை. அவன் போரிலிருந்து திரும்பியவன், ஆனால் போர் என்ற பேச்சே கதையில் இல்லை. பனிப்பாறையில் எட்டில் ஒரு பங்குதான் நீருக்கு மேலே தெரியும் என்று 1932இல் அவர் எழுதியதை இந்தக் கதையில் பொருத்திப் பாருங்கள். ‘கேட்ஸ்பி’, ஃபாக்னரின் ‘எ ரோஸ் ஃபார் எமிலி’ (1930) இரண்டும் மீதி நாட்களுக்கு. எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ 434 வரி. அதற்கு முன் 1915இல் வந்த ‘ப்ரூஃப்ராக்’ கவிதையைப் படிக்காமல் உள்ளே போகாதீர்கள்.

பதினோராவது வாரம் ஹார்லெம். லாங்ஸ்டன் ஹியூஸ் 1921இல் ‘தி கிரைசிஸ்’ இதழில் வெளியிட்ட ஆறுகள் பற்றிய கவிதை பத்து நிமிடம். யூப்ரடீஸ், காங்கோ, நைல், மிசிசிப்பி என்று போகும். ஹக் மிதந்த அதே ஆறு, இங்கே அடிமைப்பட்டவர்களின் நினைவு. ஜோரா நீல் ஹர்ஸ்டனின் ‘தெயர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ (1937) நாவலில் பேச்சுமொழி முதல் முப்பது பக்கம் தடுமாற வைக்கும். ஒலிப்புத்தகம் கிடைத்தால் கேட்டுக்கொண்டே படியுங்கள், சீக்கிரம் பழகிவிடும்.

4. பெயர் வைத்தது யார் என்று ஒரு பத்தி போடுங்கள்

நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரியுங்கள்: படைப்பு, இயக்கம், அந்தப் பெயரை வைத்தது யார், எப்போது. மூன்றாவது பத்தியை எந்த அட்டவணையும் தராது, நீங்கள்தான் தேடி நிரப்ப வேண்டும். அதற்கான உழைப்பு வீண்போகாது.

‘அமெரிக்க மறுமலர்ச்சி’ என்ற பெயர் ஹாதார்னுக்கும் மெல்வில்லுக்கும் தெரியாது. எஃப். ஓ. மத்தீசன் 1941இல் எழுதிய நூலால்தான் அது நிலைத்தது. எமர்சன், தோரோ, ஹாதார்ன், மெல்வில், விட்மன் என்று ஐந்து ஆண்களை அவர் மையத்தில் வைத்தார். அதே 1850களில் பரபரப்பாக விற்ற ஹாரியட் பீச்சர் ஸ்டோவின் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ அந்த மையத்தில் இல்லை, டக்ளஸும் இல்லை. பெயரை அப்படியே வாங்கிக்கொண்டால் விடுபட்டவர்களும் நம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவார்கள். ஹார்லெம்காரர்கள் தங்கள் காலத்தில் அதிகம் சொன்னது ‘புதிய நீக்ரோ’ என்பது. அலைன் லாக் 1925இல் அந்தப் பெயரிலேயே தொகைநூல் கொண்டுவந்தார். ‘கன்ஃபெஷனல்’ (சொந்த வாழ்வின் அந்தரங்கத்தைத் திறந்து சொல்லும் கவிதை) என்பது ராபர்ட் லோவெலின் 1959 தொகுப்புக்கு எம். எல். ரோசன்தால் எழுதிய மதிப்புரையில் பிறந்தது. இமேஜிசமும் (பவுண்டின் படிமக் கவிதை இயக்கம்) பீட்டும் (கின்ஸ்பெர்க் சார்ந்த குழு) மட்டும் உள்ளே இருந்தவர்களே தங்களுக்குச் சூட்டிக்கொண்டவை.

5. குழப்பும் சொற்கள்

நேச்சுரலிசத்தைச் சிலர் ‘இயற்கைவாதம்’ என்று தமிழில் எழுதுகிறார்கள். என்னை வீழ்த்தியதே அந்தச் சொல்தான். பரம்பரையும் சூழலும் சேர்ந்து மனிதனை இழுத்துப்போகின்றன என்ற பார்வைக்குத்தான் அந்தப் பெயர், பிரான்சில் எமில் ஜோலா வழியாக வந்தது. இயல்புவாதம், இயற்பண்புவாதம் என்ற சொற்கள் ஆபத்தில்லாதவை. ரியலிசத்தை யதார்த்தவாதம் என்றாலும் நடப்பியல் என்றாலும் ஒன்றுதான், இரண்டு இயக்கம் என்று எண்ணிவிடாதீர்கள்.

‘ரொமான்ஸ்’ என்று ஹாதார்ன் சொன்னால் காதல் கதையென்று பொருளில்லை. அன்றாட நடப்புக்குக் கட்டுப்படாமல் எழுதும் உரிமையை அவர் அந்தச் சொல்லால் கேட்கிறார். ‘தி ஹவுஸ் ஆஃப் தி செவன் கேபிள்ஸ்’ (1851) முன்னுரையின் முதல் பத்தி போதும். டிரான்சென்டென்டலிசத்துக்கு ஆளுக்கொரு தமிழ்ச்சொல் வைத்திருக்கிறார்கள். நான் ஆங்கிலப் பெயரையே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்கிறேன். ‘நியூ கிரிட்டிசிசம்’ படைப்பாளிகளின் இயக்கம் கிடையாது, படிக்கும் முறை. அதை இயக்க வரிசையில் சேர்த்து மதிப்பெண் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

6. பன்னிரண்டாவது வாரம்: 1945க்குப் பிறகு

இங்கே வேகமாகப் போகலாம், ஏனென்றால் முழுசாகப் பார்க்க இன்னொரு 12 வாரம் வேண்டும். கின்ஸ்பெர்க் 1955 அக்டோபர் 7 அன்று சான்பிரான்சிஸ்கோவில் வாசித்த ‘ஹவுல்’ (முதல் பகுதி), சில்வியா பிளாத்தின் ‘ஏரியல்’ தொகுப்பில் நாலு கவிதை, பின்நவீனத்துவத்துக்கு தாமஸ் பிஞ்சனின் சிறிய நாவல் ‘தி கிரையிங் ஆஃப் லாட் 49’ (1966). இரண்டு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால், டோனி மாரிசனின் ‘பிலவட்’ (1987) நாவலையும் என். ஸ்காட் மோமடேயின் ‘ஹவுஸ் மேட் ஆஃப் டான்’ (1968) நாவலையும் வாங்குங்கள். பூர்வகுடிகளின் எழுத்துக்கு வாசல் திறந்த நூல் என்று இரண்டாவதைச் சொல்வார்கள். பியூரிட்டன்கள் பயந்த அந்த நிலம் அதில் உறவாக வருகிறது.

7. தேர்வு எழுதுபவர்களுக்கு

விடையை ‘இந்த இயக்கம் இந்த ஆண்டில் தோன்றி இந்த ஆண்டில் முடிந்தது’ என்று தொடங்காதீர்கள். இயக்கங்கள் ரயில் பெட்டிபோல ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. ‘கேட்ஸ்பி’யும் ‘தி நியூ நீக்ரோ’வும் ஒரே 1925இல் நியூயார்க்கில் அச்சானவை. ஒரு படைப்பின் ஒரு காட்சியில் தொடங்குங்கள், அதற்குப் பதில் சொல்லும் இன்னொரு இயக்கத்தின் காட்சியை எதிரே வையுங்கள், அதன்பின் பெயருக்கு வாருங்கள். இரண்டாம் முறை நேச்சுரலிசத்துக்கு நான் எழுதியது மூன்றரைப் பக்கம்தான்: கிரேனின் படகு, லண்டனின் அணைந்த தீ, எதிரில் எமர்சனின் காடு. தாள் தேறியது.

தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே படிப்பை நிறுத்திவிட்டு மூன்று பத்தி நோட்டை மட்டும் புரட்டுங்கள். முதல் மாலை போட்ட நான்கு கோட்டுத் தாளில் இப்போது இடமே இருக்காது. அதைப் புதுத்தாளில், நோட்டைப் பார்க்காமல், ஒரு முறை எழுதிப் பாருங்கள். எந்தப் பெயர் நினைவுக்கு வரவில்லையோ அந்தக் கதையை மட்டும் அன்றிரவு திரும்பப் படியுங்கள்.